கம்ப்யூட்டரில் அளவெடுத்து ரயில் பெட்டி செய்வோம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டு கேட்பார்கள், கேம்ஸ் ஆடுவார்கள், கடிதம் டைப் செய்து பார்ப்பார்கள். பிரிண்டரும் இருந்தால் அதைக் கொண்டு ஒரு பொருளையே செய்யலாம். அமெரிக்க சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியான கபூஸை பிளாஸ்டிக் தகட்டில் நான் செய்த முறையை இங்கே சொல்கிறேன். நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். அது உங்களுக்கு நேர வேண்டாம்.

கபூஸ் என்றால் என்ன?

நம் ஊர் சரக்கு ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியைப் போன்றதுதான் இது. கண்டக்டரும் பிரேக்மேனும் இதில் பயணம் செய்வார்கள். உள்ளே மேஜை, அடுப்பு, படுக்கை எல்லாம் இருக்கும். கூரை மேல் ஜன்னல் வைத்த சிறு கூண்டு ஒன்று இருக்கும். இதற்கு க்யூபோலா என்று பெயர். அதில் உட்கார்ந்து முன்னால் ஓடும் பெட்டிகளில் அச்சு சூடாகிப் புகை வருகிறதா, சரக்கு சரிந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். 1980களில் ரயிலின் வாலில் பொருத்தும் எலக்ட்ரானிக் கருவி வந்தது. பிரேக் குழாயின் அழுத்தத்தை ரேடியோ மூலம் எஞ்சினுக்குச் சொல்லும் அந்தக் கருவி வந்தபின் கபூஸ் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அளவுக் கணக்கு

மாடல் ரயிலில் அதிகம் பயன்படும் விகிதம் எச்ஓ. இதில் உண்மையான 1 அடி, மாடலில் 3.5 மி.மீ. அதாவது 87.1 மடங்கு சிறியது. ஆகவே அடியை 3.5ஆல் பெருக்கினால் போதும். என் பெட்டியின் கணக்கு இது:

சுவரின் நீளம் 24 அடி – 84 மி.மீ.
சுவரின் உயரம் 7 அடி – 24.5 மி.மீ.
இருபுறத் திண்ணையும் சேர்த்து மொத்த நீளம் 30 அடி – 105 மி.மீ.
அகலம் 9 அடி – 31.5 மி.மீ.
ஜன்னல் 2 அடிக்கு 2.5 அடி – 7க்கு 8.75 மி.மீ.
கதவு 2 அடிக்கு 6 அடி – 7க்கு 21 மி.மீ.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுவர்த் தகட்டின் கனம் 0.5 மி.மீ. தரைத் தகட்டின் கனம் 1 மி.மீ. பக்கச் சுவர்களைத் தரையின் ஓரத்தில் ஒட்டப்போகிறோம். எனவே தரையின் அகலம் 31.5 அல்ல, 30.5 தான். முன், பின் சுவர்கள் தரையின் மேல் நிற்பதால் அவற்றின் அகலமும் 30.5, ஓர உயரம் 23.5. கனத்தைக் கழிக்க மறந்தால் மூலைகள் சேராது.

கம்ப்யூட்டரில் வரைதல்

இன்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவிக்கொள்ளுங்கள். திறந்ததும் ஷிஃப்ட், கண்ட்ரோல், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸ் கட்டம் தோன்றும். அளவை ஏ4 என்றும், அலகை மி.மீ. என்றும் மாற்றுங்கள். கிரிட்ஸ் பகுதிக்குச் சென்று இரு திசையிலும் இடைவெளியை 1.75 மி.மீ. ஆக்குங்கள். இப்போது திரையில் ஒரு கட்டம் என்பது அரை அடி. ஜன்னல் 4க்கு 5 கட்டம், பக்கச் சுவர் 48க்கு 14 கட்டம். கணக்கே போடாமல் எண்ணிக்கொண்டே வரையலாம்.

ஆர் கீயைத் தட்டினால் செவ்வகக் கருவி வரும். ஒரு செவ்வகம் வரைந்துவிட்டு, மேலே உள்ள அகலம், உயரம் பெட்டிகளில் எண்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். நிரப்பும் நிறம் வேண்டாம். கோட்டின் தடிமன் 0.1 மி.மீ. போதும். ஒரு சுவரை ஜன்னலோடு முடித்ததும் அனைத்தையும் தேர்வு செய்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். இன்னொரு சுவர் தயார். அது முதல் சுவரின் மேலேயே கிடக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் அழுத்தாமல், மவுஸால் கீழே இழுத்து வையுங்கள்.

முன், பின் சுவர்களின் மேல் விளிம்பு நடுவில் 3.5 மி.மீ., அதாவது இரண்டு கட்டம் உயர வேண்டும். செவ்வகத்தைத் தேர்வு செய்து பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். என் கீயைத் தட்டி, மேலுள்ள இரண்டு புள்ளிகளையும் தேர்வு செய்து, புதுப் புள்ளி சேர்க்கும் பட்டனை கிளிக் செய்யுங்கள். நடுவில் வரும் புள்ளியை, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மேலே இழுங்கள். க்யூபோலாவின் அடிப்பகுதிக்கும் இதே சரிவைக் காப்பி செய்தால் கூரையில் இடைவெளி விழாமல் உட்காரும்.

நான் செய்த தவறு

படத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து பிரிண்ட் எடுத்தேன். தாளைத் தகட்டில் ஒட்டி, இரண்டு பக்கச் சுவர்களையும் எட்டு ஜன்னல்களையும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். தரையை மட்டும் இரும்பு ஸ்கேலில் அளந்து நேரடியாக வெட்டினேன். கதவுச் சுவர்கள் நிற்க வேண்டிய இடத்தையும் ஸ்கேலில் அளந்தே குறித்தேன். சேர்த்துப் பார்த்தால் பக்கச் சுவர் எட்டவில்லை. 84 மி.மீ. இருக்க வேண்டியது 80.6 தான் இருந்தது. 3.4 மி.மீ. குறைவு. பெட்டியின் கணக்கில் இது கிட்டத்தட்ட ஒரு அடி!

காரணம், பிரிண்ட் கட்டத்தில் ஃபிட் என்ற தேர்வு இருந்ததுதான். தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காக அது படத்தை 96 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. கடிதம் என்றால் யாருக்கும் தெரியாது. என்னிடம் இருந்த நல்ல தகடு அது ஒன்றுதான். எல்லாம் குப்பைக்குப் போனது.

எனவே எப்போதும் ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அத்துடன் படத்தின் ஓரத்தில் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என 100 மி.மீ. கோடுகள் இரண்டை வரைந்து வையுங்கள். தாள் வெளியே வந்ததும் ஸ்கேலால் அவற்றை அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக 100 இருந்தால் மட்டுமே கத்தியை எடுங்கள்.

வெட்டி ஒட்டுதல்

1. ஜன்னல்களை முதலில் வெட்டுங்கள். வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். தகடு பெரிதாக இருக்கும்போது பிடித்துக்கொள்வது சுலபம்.

2. ஒரே அழுத்தில் வெட்ட வேண்டாம். இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று நான்கு முறை லேசாகக் கீறி, பிறகு மடித்தால் நேராக உடையும்.

3. கத்தியின் முதுகால் 1 மி.மீ. இடைவெளியில் கோடு கீறினால் மரப்பலகைச் சுவர் போலத் தெரியும்.

4. பிளாஸ்டிக் சிமெண்டைத் தூரிகையால் மூலையில் தொட்டால் போதும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். அருகில் நெருப்பு கூடாது.

5. கூரைக்கு 105க்கு 35 மி.மீ. தகடு. நடுவில் மேல்பக்கமாகக் கீறி மெதுவாக மடியுங்கள்.

6. கைப்பிடிகளுக்கு 0.3 மி.மீ. கம்பி. நிறம் அடித்தபின் சக்கரங்களைக் கடைசியில் பொருத்துங்கள்.

பெட்டி எடை குறைந்தால் வளைவில் தடம் புரளும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் எனப் பரிந்துரைக்கிறது. நம் பெட்டிக்கு இது சுமார் 87 கிராம். முடித்த பெட்டியை எடை போட்டு, குறைவதற்கு ஈடாகக் கூரையை ஒட்டும் முன்பே உள்ளே இரும்பு நட்டுகளை ஒட்டிவிடுங்கள்.

என் இரண்டாவது கபூஸ் இப்போது மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 80.6 மி.மீ. சுவரை மட்டும் எறியாமல் பிரிண்டர் மேல் வைத்திருக்கிறேன். பிரிண்ட் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் பட்டால் நல்லதுதானே!