கருவியும் கருத்தாவும்

மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது கருவிப்பொருளையும் கருத்தாப்பொருளையும் வேறு பிரித்துக் காட்டுதல் நம் வழக்கம். சக்கரத்தாற் குடம் வனைந்தான் என்புழிச் சக்கரம் கருவி. தச்சனாற் கட்டப்பட்ட கோயில் என்புழித் தச்சன் இயற்றுதற்கருத்தா. அரசனாற் கட்டப்பட்ட கோயில் என்புழி அரசன் ஏவுதற்கருத்தா. சிறுவர் இதனை மனனஞ்செய்து ஒப்புவித்துவிடுவர். ஆயின் இக்காலத்து யந்திரங்களை இவற்றுள் எவ்விடத்து வைப்பது என்பது பெரியோர்க்கும் எளிதன்று. கருவியாய் வந்தது இயற்றுவோனாயிற்று. இனி ஏவுவோனுமாகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆசிரியர்க்கு அணித்தாகிய உதாரணமொன்றை முதற்கண் எடுத்துக்கொள்வாம். 2020ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்றினால் இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சைகள் நடைபெறவில்லை. ஆசிரியர்கள் தம் மாணாக்கர் ஒவ்வொருவரும் பெறத்தக்க தரம் இன்னதென்றும், பாடந்தோறும் யார் முன், யார் பின் என்றும் எழுதியனுப்பினர். பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் ஒஃப்குவால் என்னும் அரச நிறுவனம், ஆசிரியர் தாராளமாகத் தரமிடுவர் என்றஞ்சி, ஒரு கணிப்புமுறையை வகுத்தது. அம்முறை பாடசாலையின் முந்திய ஆண்டுப் பெறுபேறுகளை முதன்மையாகக் கொண்டு, ஆசிரியர் தந்த வரிசைப்படி தரங்களைப் பங்கிட்டது. ஆகவே, பல்லாண்டு தாழ்ந்த பெறுபேறு கண்ட பாடசாலையிலே மிகச் சிறந்த மாணாக்கன் ஒருவன் தோன்றினும், அவனுக்கு முன் படித்தவர்களின் குறை அவன் தலைமேல் ஏறிற்று. மாணாக்கர் மிகச் சிலரேயான வகுப்புக்களுக்கோ ஆசிரியர் இட்ட தரமே நின்றது. அத்தகைய வகுப்புக்கள் கட்டணம் வாங்குந் தனியார் பாடசாலைகளிலேயே மிகுதி! ஓகஸ்ட் 13இல் பெறுபேறு வெளிவந்தபோது, ஆசிரியர் இட்ட தரங்களுள் 100க்கு ஏறக்குறைய 40 தாழ்த்தப்பட்டிருந்தன. மாணாக்கர் வீதிக்கு வந்து முறையிட்டனர். நான்கு நாட் கழித்து அரசாங்கம் அம்முறையைக் கைவிட்டு, ஆசிரியர் தரம், கணிப்புத் தரம் என்னும் இரண்டனுள் உயர்ந்ததையே வழங்கியது.

அக்கணிப்புமுறை பேரறிவு உடையதன்று. எவரிடத்தும் பகை கொண்டதுமன்று. நாட்டின் பெறுபேறு முன்னைய ஆண்டுகளோடு ஒத்திருத்தல் வேண்டும் என்று இட்ட பணியைச் செவ்வனே செய்தது. தீங்கு வந்தது, இட்ட பணிக்கும் எண்ணிய பயனுக்கும் இடையேயுள்ள வெளியினின்றேயாம். அஃது அத்துணை விரைவில் திருத்தப்பட்டது எதனால்? பிழை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆசிரியர் கையில் வேறொரு தரப்பட்டியல் இருந்தது. மீட்டுக்கொள்ளும் அதிகாரம் மனிதரிடமே இருந்தது. இம்மூன்றும் இல்லாதவிடத்து நிகழ்வது யாது என்பதே வினா.

மனிதரை அறிவுத்தொழில் யாவற்றினும் விஞ்சும் யந்திரம் இன்னுந் தோன்றவில்லை. அதனை ஆக்குதற்குப் பெருஞ்செல்வம் செலவிடப்படுகின்றது. 1965இல் ஐ. ஜே. குட் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், அத்தகைய யந்திரம் தன்னினுஞ் சிறந்த யந்திரங்களைத் தானே அமைக்குமாதலின், மனிதர் செய்யவேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அதுவாகும் என்று எழுதினார். தன்னை அடக்கியாளும் வழியை நமக்குச் சொல்லுமளவு அது பணிவுடையதாயின் என்றும் ஒரு நிபந்தனை வைத்தார். இக்காலத்தார் பலர் அந்நிபந்தனையை விட்டு முற்பகுதியை மாத்திரம் எடுத்துரைக்கின்றனர்.

2016இல் நிகழ்ந்த இரண்டு செய்திகளை ஒருங்கு வைத்து நோக்குக. ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் படகோட்டப் போட்டி விளையாட்டொன்றைக் கணினிக்குப் பழக்கினர். அது போட்டியை முடிக்கவேயில்லை. ஓரிடத்திற் சுற்றிச்சுற்றி வந்து, தீப்பற்றியும் பிற படகுகளை மோதியும், இலக்குகளைத் தட்டித் தட்டி, முடிவெல்லையை அடைந்த மனிதரினும் மிகுந்த புள்ளி பெற்றது. பார்த்தவர் பிழையை உடனே அறிந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கோ என்னும் பலகையாட்டத்தில் அல்ஃபாகோ என்னும் கணினி, கொரிய வீரர் லீ செடோலை ஐந்துக்கு நான்கு ஆட்டங்களில் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37ஆம் காயைக் கண்ட வல்லுநர் பிழையென மயங்கினர். பின்னரே அதன் சிறப்பை உணர்ந்தனர். முன்னையதிற் பிழை தெரிந்தது. பின்னையதிற் சிறப்பும் பிழைபோலத் தோன்றிற்று. நம்மினும் அறிவு மிக்கதன் செயலில் நன்றெது, தவறெது என்று நாம் காணுமாறு எங்ஙனம்? பலகையாட்டத்தில் இது வியப்பு. நீதியிலும் மருத்துவத்திலும் படைக்கலத்திலும் இஃது ஆபத்து.

அற்றேல், மின்விசையை நிறுத்திவிடலாமே என்பாரும் உளர். வங்கியும் வைத்தியசாலையும் உணவுப் பங்கீடும் அதன்வழி நடக்கத் தொடங்கியபின் நிறுத்துதல் நம்மையே வருத்தும். அன்றியும், ஸ்டுவாட் ரசல் என்னும் பேராசிரியர் காட்டியவாறு, ஒரு பணியை முடிக்கும் நோக்கமுடைய யந்திரம், தான் நிறுத்தப்படுதல் அப்பணிக்கு இடையூறு என்று தானே கண்டு தடுக்க முயலும். அதற்கு உயிராசை வேண்டியதில்லை. பத்தாண்டு தரமிடாத ஆசிரியன் பதினோராம் ஆண்டில் தரமிட வல்லனோ என்பதும் நினைக்கற்பாலது.

இவ்வச்சம் மிகையென்பார் அத்துறையறிஞருள்ளும் உளர். ஆயினும், இவ்யந்திரக் கல்விக்கு அடிகோலியவருள் ஒருவராகிய ஜெஃப்ரி ஹின்டன் 2023இல் கூகிள் நிறுவனத்தை விட்டு நீங்கி இவ்வபாயத்தை எடுத்துரைத்து வருகின்றார். 2024இல் அவருக்குப் பௌதிகத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பில் இதனை விளக்குதற்கு யாம் கையாளும் முறை எளியது. ஒரு மாணாக்கனைக் கட்டளையொன்று எழுதச்செய்க. மற்றையோர் அதன் சொல்லைக் காத்துக் கருத்தைக் கெடுக்கும் வழி கண்டு கூறுக. வகுப்பறையிற் குப்பை காணப்படலாகாது என்று ஒருவன் எழுத, கதவைப் பூட்டி ஒருவரையும் புகவிடாதொழிக என்றான் ஒருவன். விளக்கை அணைத்துவிடுக என்றாள் ஒருத்தி. எழுதியவன் திருத்தித் திருத்தி எழுதினான். மணி அடிக்குமளவும் முடிந்தபாடில்லை.