காபிக்கொட்டை அரைக்கும் தம்பிக்கு



பாக்கெட் பொடியை விட்டுவிட்டு, கொட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பொடி எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை முதலில் பார் என்பேன். நைசைப் பில்டருக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். சீரில்லாத பொடியை எந்தப் பில்டரும் காப்பாற்றாது.

காரணம் இதுதான். தூசியாகிப்போன துகளிலிருந்து வெந்நீர் சீக்கிரமே எல்லாவற்றையும் இழுத்துவிடும், கடைசியில் கசப்பும் சேர்ந்து இறங்கும். பெரிய துகளின் உள்ளே நீர் புகுவதற்குள் டிகாக்‌ஷன் இறங்கி முடிந்துவிடும். அதிலிருந்து கிடைப்பது லேசான புளிப்பும் வெறும் நிறமும்தான். நொய்யையும் முழு அரிசியையும் ஒரே பானையில் வேகவைத்தால் ஒன்று குழையும், இன்னொன்று விறைத்து நிற்கும் அல்லவா, அதே கதை. ஒரே டம்ளரில் கசப்பும் சப்பென்ற ருசியும் சேர்ந்து வந்தால் கொட்டையைத் திட்டாதே, அரைவையைப் பார்.

தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் பல வீடுகளில் மேஜை விளிம்பில் முடுக்கிவைத்த கைமிஷின் இருந்தது. வறுத்த கொட்டையை அன்றன்றைக்கு அதில் போட்டுச் சுற்றுவார்கள். அந்த மிஷின் கொட்டையை வெட்டுவதில்லை, இரண்டு பல் வளையங்களுக்கு நடுவே நெரிக்கிறது. இடைவெளிக்குள் அடங்கிய துகள் மட்டுமே கீழே விழும், அடங்காதது மறுபடி அரைபடும். இன்று பர் கிரைண்டர் என்று விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மிக்ஸி அப்படியல்ல. பிளேடில் பட்டதே திரும்பத் திரும்பப் படும், ஓரத்தில் ஒதுங்கியது தப்பிக்கும். நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடேறி, டம்ளருக்குப் போக வேண்டிய மணம் சமையலறைக் காற்றோடு போய்விடும்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் மனம் தளராதே. சின்ன ஜாரில் பாதிக்கும் கீழே கொட்டையைப் போடு. இரண்டு மூன்று விநாடி ஓட்டு, நிறுத்து, ஜாரைக் குலுக்கு, மறுபடி ஓட்டு. பிறகு ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கப்பியை மட்டும் திரும்ப அரை. எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு சுற்று ஓட்டுவதுதான் பலர் செய்கிற தப்பு, ஏற்கெனவே பொடியானது அதில் தூசியாகிவிடும். மசாலா அரைத்த ஜார் காபிக்கு ஆகவே ஆகாது.

கைமிஷின் வாங்கினால் முதலில் கொட்டையைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கு. களத்தில் காய்கிற சரக்கு, சிறு கல் ஒளிந்திருக்கலாம். ஒரே ஒரு கல் போதும், பல் வளையத்தைக் கெடுத்துவிடும். வளையங்கள் ஒன்றையொன்று தொடும்வரை திருகை முடுக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. நம் பில்டருக்கு, விரலிடையே தேய்த்தால் மைதாவாக வழுக்கவும் கூடாது, ரவையாக உறுத்தவும் கூடாது. பொடி மிஷினில் ஒட்டிக்கொண்டு பறந்தால் ஸ்பூன் காம்பை நனைத்துக் கொட்டையை ஒரு கிளறு கிளறிவிட்டு அரை. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்: அரைபடும்போது உண்டாகும் மின்னூட்டம்தான் பொடியை ஒட்டவைக்கிறது, சிறிது ஈரம் அதைத் தணிக்கிறது.

அரைவை சரிதானா என்று சொல்ல வேண்டியது பில்டர். பொடியின் அளவையும் நீரின் அளவையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பு. அரை மணி கழித்தும் மேல் பாத்திரத்தில் நீர் நின்றால் நைஸ் மிஞ்சிவிட்டது. அப்படி முடிவு செய்வதற்கு முன்னால் பில்டரின் அடித்தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடு, துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் திருகை மட்டும் கொஞ்சம் நகர்த்து. கொட்டையையும் அதே நாளில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது.

சிக்கரியை மிஷினுக்குள் விடாதே. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து வளையத்தில் அப்பிக்கொள்ளும். பொடியாகவே வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள். கடைக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு 20க்கு மேல் போனால் காபி ருசியே தெரிவதில்லை. சிக்கரியைக் குறைத்தால் நீர் வேகமாக இறங்கும், அப்போது அரைவையைச் சற்று நைசாக்கு.

பீபெரி ரகக் கொட்டையா, பிளான்டேஷன் ஏ ரகமா என்று இப்போது அலையாதே. இரண்டில் ஒன்றை, வறுத்த தேதி தெரிந்த கால் கிலோவாக வாங்கு. அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் அரை, பொடியான பிறகு மணம் நிற்காது. மிஷினை பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவை, இரும்புப் பல்லில் தண்ணீர் படக்கூடாது.

விலை உயர்ந்த கிரைண்டருக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருக்காதே தம்பி. இந்த வாரமே ஒரு நல்ல சல்லடை வாங்கிவிடு.