நம்பிக்கைகளும் உண்மைகளும்: லாரி வேலைக்காகச் சாமராஜநகருக்குக் குடிபெயர்தல்

கர்நாடகத்தின் தென்கோடியில் உள்ள சாமராஜநகர், 1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இங்கு விளையும் கரும்பும் மஞ்சளும் காய்கறியும், வெட்டி எடுக்கப்படும் கறுப்பு கிரானைட்டும் லாரிகளில் மைசூருக்கும் தமிழ்நாட்டுக்கும் போகின்றன. அந்த லாரிகளை ஓட்ட சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து குடிபெயர நினைப்பவர்கள் காதால் கேட்டு நம்புவதில் பாதி சரியில்லை. தவறான பாதிக்கு விலையாகச் சில நேரம் முன்பணம் போகும், சில நேரம் உயிரே போகும்.

நம்பிக்கை: சாமராஜநகர் மலையூர், நாள் முழுக்க மலைப்பாதையில்தான் ஓட்ட வேண்டும்.

உண்மை: ஊர் இருப்பது பீடபூமியில். குண்டுலுப்பேட்டை, நஞ்சன்கூடு, மைசூரு, கொள்ளேகால் செல்லும் சாலைகள் பெரும்பாலும் சமவெளிச் சாலைகள்தான். பிலிகிரிரங்கன மலை, மாதேஸ்வரன் மலை போன்ற மலைகள் ஊரைத் தள்ளி நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும்போதுதான் ஓட்டுநருக்கு உண்மையான மலை வருகிறது. சத்தியமங்கலம் சாலையில் திம்பத்திலிருந்து பண்ணாரி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். வேலை பேசும்போதே லாரி எந்தத் தடத்தில் ஓடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: இரவில் ஓட்டினால் கூடுதல் நடை அடிக்கலாம்.

உண்மை: இந்த மாவட்டத்தைச் சுற்றியுள்ள முக்கியச் சாலைகள் சில புலிகள் காப்பகங்களின் ஊடே செல்பவை. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் இரு சாலைகளிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. திம்பம் சாலையில் இரவுத் தடையை அமல்படுத்த 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 மணிக்கே வழி அடைபடுகிறது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனங்கள் எந்த நேரத்திலும் போக முடியாது. அவை வேறு வழியாகச் சுற்றியே போக வேண்டும். மாலை ஐந்தரைக்குச் சாமராஜநகரில் லோடு ஏற்றி முடிக்கும் லாரி, சோதனைச்சாவடியில் விடிய விடியக் காத்துக்கிடக்க நேரும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர் அந்த இரவுக்கும் சேர்த்துப் பேசுவது நல்லது.

அதே திம்பம் சாலையில் காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பதுண்டு. கரும்பை வீசிவிட்டுத் தப்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. வீசிய கரும்பு யானையைச் சாலைக்கே பழக்கிவிடுகிறது. அடுத்து வரும் லாரியையும் அது மறிக்கும். இடைவெளி விட்டு நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதே வழி.

நம்பிக்கை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்.

உண்மை: இன்றைய மின்னணு எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதால் அப்போதும் டீசல் செலவாகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, எஞ்சின் கொடுக்கும் பிடிமானம் போய்விடுவது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. டிரம் சூடேறி லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. அடிக்கடி மிதித்தால் ஏர் இறங்குகிறது. கருகிய வாடை வந்தால் எச்சரிக்கைக்கான நேரம் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று பொருள். சாமராஜநகரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் லாரி லோடோடு இறங்குகிறது என்பதால் இது இங்கே இரட்டிப்பு முக்கியம். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறக்குவதே பாதுகாப்பு. குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

நம்பிக்கை: தமிழ்நாட்டு லைசென்ஸ் கர்நாடகத்தில் செல்லாது.

உண்மை: ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். பார்க்க வேண்டியது உரிமத்தின் வகை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்குப் போக்குவரத்து வாகன உரிமம் கட்டாயம். சொந்த வண்டியோடு போகிறவருக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு: 12 மாதங்களுக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் வண்டியைக் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: வீட்டுக்கு வாய்ப்பேச்சு போதும்.

உண்மை: முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் வாய்ப்பேச்சு கைகொடுக்காது. 11 மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, கொடுத்த முன்பணத்தைத் தொகையோடு குறிப்பிட வேண்டும். மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்துக் குடியேறும் போக்கியத்தில் இன்னும் கவனம் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வாடகை குறைவு என்பதற்காகக் திம்பம் சாலையின் சோதனைச்சாவடிக்கு அப்பால் வீடு பிடித்தால், மாலை 6 மணிக்குப் பிறகு லாரியோடு வீடு சேர முடியாது. லோடு ஏற்றும் இடமும் வீடும் சாவடிக்கு ஒரே பக்கத்தில் இருப்பதே நல்லது.

நம்பிக்கை: மாநிலம் மாறினால் ரேஷன் போய்விடும்.

உண்மை: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைதாரர்கள் எந்த மாநிலத்து ரேஷன் கடையிலும் விரல்ரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். ஓட்டுநர் தன் பங்கை அங்கே வாங்க, ஊரிலிருக்கும் குடும்பம் மீதியை வாங்கிக்கொள்ளலாம். முன்னுரிமையற்ற அட்டைக்கும், தமிழ்நாடு தனியாகத் தரும் பருப்பு, எண்ணெய்க்கும் இந்த வசதி கிடையாது.

நம்பிக்கை: அங்கே தமிழருக்கு இடமில்லை.

உண்மை: கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. எல்லையின் இருபுறமும் இரண்டு மொழிகளும் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள தாளவாடியில் கன்னடம் பேசுவோர் ஏராளம். காவிரிப் பிரச்சினை கொதித்த 1991, 2016 போன்ற வேளைகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளுக்கு ஆபத்து இருந்தது உண்மை. அத்தகைய நாட்களில் எல்லையைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் உதவுவது கன்னடம். ஊர்ப் பெயர்ப் பலகையையும் கன்னட எண்களையும் வாசிக்கத் தெரிந்துவிட்டால் சாவடியிலும் எடைமேடையிலும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.