கான்ஜி கற்கும் கணக்கு

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

ஒரு மொழியைக் கற்கப் புகுவோர்க்கு அதன் எழுத்தே முதல் வாயில். சில மொழிகளுக்கு அது வீட்டு வாசல் போன்றது. சில மொழிகளுக்குத் திருவரங்கத்து இராசகோபுரம் போன்றது. நம் தமிழில் 247 எழுத்துகள் எனினும், உயிரும் மெய்யும் சேரும் முறையை அறிந்துகொண்டால் ஒரு சிறுவன் ஓராண்டில் படிக்கத் தொடங்கிவிடுகிறான். ஜப்பானிய மொழியிலோ மூன்று வகை எழுத்துகள். ஹிரகானா, கத்தகானா என்னும் இரண்டும் ஒலியைக் குறிப்பன. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. மூன்றாவது வகைதான் கான்ஜி. சீனத்திலிருந்து வந்த இவ்வெழுத்துகள் பொருளைக் குறிப்பன. ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 கான்ஜி எழுத்துகள் உள்ளன.

"நம் ஊரில் கஞ்சியைக் குடிப்பார்கள், நீ படிக்கிறாயா?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கடந்த ஆறு மாதங்களாகக் கைப்பேசி வழிப் பாடங்களைக் கொண்டு நான் இவ்வெழுத்துகளைக் கற்று வருகிறேன். கற்கும் முறையையும், கற்றதை அளக்கும் முறையையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன். எழுத்துகளை அச்சிடாமல் சொல்லாலேயே வரைந்து காட்டுகிறேன்.

நம்மிடமும் உண்டு

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்பது நமக்குப் புதிதன்று. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ௵, மாதத்திற்கு ௴, நாளுக்கு ௳ என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய கணக்கேடுகளில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் உண்டு. ௵ என்பதை ஒருவர் 'வருடம்' என்பார். மற்றொருவர் 'ஆண்டு' என்பார். வடிவம் ஒன்று, பொருள் ஒன்று, ஒலி இரண்டு.

கான்ஜியும் இப்படித்தான். நீரைக் குறிக்கும் எழுத்து தனித்து நின்றால் 'மிசு'. வேறோர் எழுத்துடன் கூடினால் பெரும்பாலும் 'சுயி'. முன்னது ஜப்பானியரின் சொந்தச் சொல். பின்னது சீன ஒலியின் வழி வந்தது.

உறுப்புகளாகப் பிரித்தல்

ஈராயிரம் எழுத்துகளையும் ஈராயிரம் படங்களாக எண்ணினால் மலைப்புத்தான் மிஞ்சும். ஆனால் அவை சில உறுப்புகளின் சேர்க்கை. 1716-இல் முற்றுப்பெற்ற சீனத்துக் காங்சி அகராதி, எழுத்துகளை எல்லாம் 214 உறுப்புகளின்கீழ் வகைப்படுத்தியது.

ஒரு கிடைக்கோடு, அதை வெட்டி இறங்கும் ஒரு நெடுங்கோடு, இருபுறமும் சரியும் இரண்டு கோடுகள்: இது மரம். இரண்டு மரங்கள் அருகருகே நின்றால் தோப்பு. மூன்று நின்றால் காடு. மரத்தின் அருகே மனிதன் சாய்ந்தால் ஓய்வு. மரத்தின் அடியில் ஒரு சிறு கோடு இட்டால் மூலம்; புத்தகம் என்பதற்கும் அதுவே. சூரியனையும் இந்த மூலத்தையும் சேர்த்து எழுதினால் 'நிஹோன்', அதாவது ஜப்பான் நாடு. இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கோடுகளைக் கண்டால் கடல், ஏரி, குளம், வியர்வை, கண்ணீர் போன்ற ஏதோ ஒன்று என ஊகிக்கலாம். மலையின்மீது பறவை அமர்ந்தால் தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்தில் வாழும் எனக்கு அவ்வெழுத்து ஒரே நாளில் மனத்தில் பதிந்தது.

வேதியியல் மாணவர்க்கு மேலும் ஒரு சுவையான செய்தி உண்டு. உதாகவா யோஆன் என்னும் ஜப்பானிய அறிஞர் டச்சு நூல்களைத் தழுவி எழுதிய வேதியியல் நூல் 1837 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. தனிமங்களுக்கு அவர் கான்ஜியில் பெயர் படைத்தார். ஹைட்ரஜன் 'சுயிசோ', அதாவது நீர் மூலம். ஆக்சிஜன் 'சான்சோ', அமில மூலம். கார்பன் 'தான்சோ', கரி மூலம். நைட்ரஜன் 'சிஸ்ஸோ', மூச்சை அடைக்கும் மூலம். நான்கு பெயர்களிலும் 'சோ' என்ற எழுத்து ஒன்றே. ஐந்து எழுத்துகளைக் கற்றால் நான்கு தனிமங்கள் கைவசமாகும்!

ஐந்து பெட்டிகள்

ஜப்பான் அறக்கட்டளை நடத்தும் 'மினாட்டோ' என்ற இணையவழிப் பள்ளியில் கட்டணமின்றிப் பயிலும் பாடங்கள் உள்ளன. கல்லூரிக்கு வரும் ஒன்றாம் எண் பேருந்து காவிரிப் பாலம் கடந்து சத்திரம் வந்து சேர்வதற்குள் ஒரு பாடத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் பார்ப்பது எளிது. மறப்பது அதனினும் எளிது.

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று கணக்கிட்டு 1885-இல் நூலாக வெளியிட்டார். படித்த உடனே மறதி வேகமாகவும், நாள் செல்லச் செல்ல மெதுவாகவும் நிகழ்கிறது என்று கண்டார். இதற்கு மருந்தாக, செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த தம் நூலில் அட்டைப் பெட்டி முறையை விளக்கினார். 2006-இல் வெளிவந்த 'அன்கி' என்னும் கணினிச் செயலி, இதே போல் இடைவெளி விட்டு மீளப் படிக்கும் முறையில் இயங்குவது. அன்கி என்றால் ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள்.

நான் பழைய திருமண அழைப்பிதழ்களை நான்காக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுத்தையும் மறுபக்கத்தில் ஒலியையும் பொருளையும் எழுதுகிறேன். ஐந்து பெட்டிகள். முதற்பெட்டி அட்டைகளைத் தினமும் பார்க்கவேண்டும்; அடுத்தவற்றை முறையே 2, 4, 8, 16 நாள்களுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குச் செல்லும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதற்பெட்டிக்கே திரும்பும்.

கணக்கேடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காந்தி சந்தையில் சுமை தூக்குபவர். அம்மா சாத்தார வீதிப் பூச்சந்தையில் பூ வாங்கிக் கட்டி விற்பவர். நான் சரியாகப் படித்தேனா என்று கேட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எனவே கணக்கேடுதான் எனக்குத் தேர்வாளர்.

கணக்கு வைக்கும் முறையை அம்மாவிடமே கற்றேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் வாங்கிய பூவை அன்றைய வேலையாக அவர் எண்ணுவதில்லை. கட்டி முடித்த முழத்தையே எண்ணுவார். என் ஏட்டிலும் மூன்று பத்திகள்: பார்த்தவை, படிக்க வருபவை, பாராமல் எழுத வருபவை. ஐந்தாம் பெட்டியை அடைந்த எழுத்தே இரண்டாம் பத்தியில் ஏறும். ஆறு மாத முடிவில் பார்த்தவை 156. படிக்க வருபவை 114. எழுத வருபவை 72. கைப்பேசிப் பாடம் காட்டும் 'முடிந்தது' என்ற குறி முதற்பத்திக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தக் கணக்கு எதற்கு உதவியது என்பதையும் கூறவேண்டும். 2021 சனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன்மிகு தொழிலாளர் பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அவ்வழியில் செல்வோர், ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான 'என்4' அளவு மொழியறிவைக் காட்டவேண்டும். இதை வைத்து, மூன்றே மாதத்தில் என்4, உடனே வேலை என்று கூறிப் பெருந்தொகை கேட்ட ஒரு பயிற்சி நிலையம் எங்கள் வீட்டையும் அணுகியது. அம்மாவின் தோட்டை அடகு வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்பா என்னிடம் கேட்டார்: "மூணு மாசத்துல முடியுமாப்பா?"

ஏட்டைப் பார்த்துக் கணக்கிட்டேன். படிக்க வருபவை மாதத்திற்கு 19. என்4 நிலைக்கு அதிகாரப்பூர்வப் பட்டியல் இல்லையெனினும், பயிற்சி நூல்கள் ஏறத்தாழ 300 கான்ஜி என்கின்றன. மீதம் 186, ஆகவே இன்னும் பத்து மாதம். கல்லூரிப் படிப்பையும் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் முடியாது என்று எண்ணைக் காட்டிச் சொன்னேன். அப்பா ஏட்டை வாங்கி, எழுத்து விளங்காவிட்டாலும் பக்கங்களை மெல்லப் புரட்டிப் பார்த்தார். "அப்ப பத்து மாசம் படி" என்றார். தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

பத்து மாதம் என்பது மெதுவான நடை என்று சிலர் எண்ணலாம். ஜப்பானியச் சிறுவர் தொடக்கப்பள்ளியின் ஆறாண்டுகளில் கற்பவை 1026 எழுத்துகள். முதலாம் ஆண்டில் 80 மட்டுமே. சராசரியாக மாதத்திற்கு 14. நான் எழுதக் கற்றவை மாதத்திற்கு 12. அம்மொழியிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளை விட நான் வெகுவாகப் பின்தங்கிவிடவில்லை. திறன் தேர்வில் கையால் எழுதவேண்டிய தேவையில்லை. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். எனினும் மூன்றாம் பத்தியை நான் விடவில்லை. கையால் எழுதிய எழுத்துகளே ஒன்றோடொன்று குழம்பாமல் நிற்கின்றன.

நண்பர்களே! இம்முறை கான்ஜிக்கு மட்டும் உரியதன்று. கரிமச் சேர்மங்களின் பெயர்கள், தாவரக் குடும்பங்களின் பண்புகள், ஆங்கிலச் சொற்கள் எவையாயினும் இப்பெட்டிகளில் அடங்கும். வேண்டுவன ஐந்து பெட்டிகளும் ஒரு நாற்பது பக்க நோட்டும் மட்டுமே. என் அட்டைகளைக் காண விரும்புவோர் நண்பகல் இடைவேளையில் நம் கல்லூரி நூலகத்திற்கு வரலாம். வரும்போது வீட்டிலுள்ள பழைய அழைப்பிதழ்களையும் கொண்டுவாருங்கள். இன்னும் பல எழுத்துகள் மீதமிருக்கின்றன.