வேகமும் சூடும்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. இட்லி விற்றுப் பிழைப்பவர்களும் அவர்களில் உண்டு.

அப்படி ஒரு தாய். விடியும் முன்பே எழுவார். அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றுவார். வீடு ஒரே அறை. மேலே தகரக் கூரை. மே மாதத்தில் கூரையும் காயும், அடுப்பும் எரியும். அறை முழுவதும் அனலாக இருக்கும்.

மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள்.

"அம்மா, லேப்டாப் வேண்டும். கணக்குப் பாடத்தை அதில்தான் செய்யச் சொல்கிறார்கள்" என்றாள் மகள்.

தாய் மகளிர் குழுவில் கடன் வாங்கினார். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். பணம் வீணாகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

இருவரும் மாகிமில் ரயில் ஏறினார்கள். கிராண்ட் ரோட்டில் இறங்கினார்கள். லேமிங்டன் ரோட்டில் கணினிக் கடைகள் வரிசையாக உள்ளன. ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஏசி ஓடியது. சில்லென்று இருந்தது. அங்கே வேலை செய்யும் இளைஞர் தமிழர்.

அவர் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார். இரண்டும் மெல்லியவை. ஒன்றில் கோர் ஐ5 1235யு என்ற பிராசசர். மற்றொன்றில் கோர் ஐ7 12700எச். இரண்டு பிராசசர்களும் 2022-இல் வெளிவந்தவை. இரண்டாவது லேப்டாப்பின் விலை 20,000 ரூபாய் அதிகம்.

"ஏழுதான் வேண்டும். என் தோழி அதைத்தான் வைத்திருக்கிறாள். ஐந்தைவிட ஏழு பெரியது அல்லவா?" என்றாள் மகள்.

தாய் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். ஆங்கில எழுத்துகளையும் ஓரளவு அடையாளம் காண்பார். பெட்டியின் மேல் இருந்ததை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, ஒன்றில் கடைசி எழுத்து லாடம் போல வளைந்திருக்கிறது. மற்றொன்றில் ஏணிப் படி போல இருக்கிறது. எழுத்து ஏன் மாறுகிறது?"

"நல்ல கேள்வி கேட்டீர்கள் அக்கா. லாடம் போன்றது யு. மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஏணி போன்றது எச். வேகம் அதிகம், மின்சாரமும் அதிகம். இந்த யு பிராசசரின் அடிப்படை அளவு 15 வாட். இந்த எச் பிராசசருக்கு 45 வாட். முழு வேகத்தில் ஓடும்போது கொஞ்ச நேரத்துக்கு யு 55 வாட் வரை போகும். எச் 115 வாட் வரை போகும்."

"அத்தனை மின்சாரமும் என்ன ஆகிறது?"

"ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறிவிடும் அக்கா. பிராசசர் மிகச் சிறிய பொருள். அதன் சூட்டைச் செம்புக் குழாய் இழுத்துக்கொண்டு போகும். ஓரத்தில் உள்ள சிறிய விசிறி அதை வெளியே தள்ளும்."

"வெளியே போக முடியாவிட்டால்?"

"சூடு 100 டிகிரியை நெருங்கியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்."

தாய் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

"இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்துவிட்டது. அதற்கு மேல் தீயைக் கூட்டினால் இட்லி சீக்கிரம் வேகுமா? வேகாது. கேஸ்தான் வீணாகும். இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது. இது மெல்லிய பெட்டி. விசிறி சிறியது. கடையில் ஏசி இருக்கிறது. நம் வீட்டில் என்ன இருக்கிறது? அந்த அனலில் இதன் சூடு எங்கே போகும்?"

மகள் பதில் சொல்லவில்லை. அவள் முகம் வாடியது.

இளைஞர் சொன்னார்: "அம்மா சொல்வது சரி. பல லேப்டாப்களின் குறிப்பேட்டில், 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் வெப்பம் இருந்தால் விசிறி திணறும். நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?"

"கணக்கு எழுதுவேன். கட்டுரை தட்டச்சு செய்வேன். பாட வீடியோ பார்ப்பேன்."

"அதற்கு யு தாராளமாகப் போதும். நாள் முழுவதும் வீடியோ படம் வெட்டி ஒட்டுபவர்களுக்கு எச் தேவை. பெரிய விளையாட்டு ஆடுபவர்களுக்கும் தேவை. அவர்கள் தடித்த உடலும் பெரிய விசிறியும் உள்ள லேப்டாப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். நீ ஏழுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை நினைவகத்துக்குக் கொடு. 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி போட்டால், பல வேலைகளை ஒன்றாகத் திறந்தாலும் சிக்காது."

மகள் யு பிராசசர் உள்ளதையே எடுத்துக்கொண்டாள். 16 ஜிபி நினைவகம் போட்டார்கள். அப்படியும் செலவு குறைந்தது. மிஞ்சிய பணத்தைத் தாய் குழுவிலேயே திருப்பிக் கட்டினார். தவணைச் சுமையும் குறைந்தது.

அடுத்த மே மாதம் தேர்வு வந்தது. தகரக் கூரையின் கீழ் மகள் படித்தாள். லேப்டாப்பைப் பாயின் மேல் வைக்கவில்லை. ஒரு பலகையின் மேல் வைத்தாள். விசிறி மெல்லச் சுற்றியது. தாய் லேப்டாப்பின் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது.

"காற்று வருகிறது, படி" என்றார்.

தெரிந்துகொள்வோம்

1. முதலில் உங்கள் வேலை என்ன என்று முடிவு செய்யுங்கள். பிறகு பிராசசரைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி எழுத்தையும் பாருங்கள். எல்லாப் பெயர்களிலும் எழுத்து ஒரே பொருள் தராது. எனவே எத்தனை வாட் என்றும் கேளுங்கள்.

3. பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய வேகம் எப்போதும் கிடைப்பதில்லை. இந்த யு பிராசசருக்கு 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது உச்ச வேகம். சூடு ஏறினால் குறைந்துவிடும்.

4. ஒரே பிராசசர் தடித்த லேப்டாப்பில் நன்றாக ஓடும். மெல்லிய லேப்டாப்பில் சீக்கிரம் சூடாகும்.

5. கடையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விசைகளின் மேல் கை வையுங்கள். விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டு வெப்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

6. மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்றுத் துளைகள் அடைபடும். தூசி சேர்ந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. பிராசசருக்குச் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ______ மாறுகிறது.

2. இந்தப் பாடத்தில் வரும் யு பிராசசரின் அடிப்படை அளவு ______ வாட்.

3. சூடு ______ டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைக் குறைக்கும்.

கலந்து பேசுங்கள்

தாய் கணினி படித்தவர் அல்ல. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டார். அது எப்படி முடிந்தது? நீங்கள் ஒரு பொருள் வாங்கும்போது என்னென்ன கேட்பீர்கள்?