ஊரடங்கிற்குப் பின் கிராமம் தலையெடுக்கும் வழி

பஞ்சம் என்பது மழை பொய்த்து விளைச்சல் குன்றுவதால் வருவது. இது நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்த துன்பம். 2020-ஆம் வருஷத்துக் கோடையில் நேர்ந்த துன்பமோ வேறு வகையானது. வயலில் பொருள் விளைந்திருந்தது; பட்டணத்தில் உண்பவன் காத்திருந்தான்; இருவருக்கும் இடையேயிருந்த வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று. கொரோனா நோயைத் தடுக்கும் பொருட்டு அவ்வருஷம் மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. முதலில் 21 நாட்களுக்கென்று விதிக்கப்பட்டுப் பின்னர் மே மாத இறுதி வரை நீட்டிக்கப்பெற்ற அக்கட்டுப்பாட்டின் போது, கிராமங்கள் எதனால் நலிந்தன, எதனால் தாங்கின, பின்பு எவ்வாறு நிமிர்ந்தன என்பவற்றை ஆராய்ந்து வைத்துக்கொள்வது நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் அவசியமாகும். நோய் போய்விட்டதென்று பாடத்தையும் மறந்துவிடலாகாது. வெள்ளமோ, புயலோ, மற்றொரு கொள்ளைநோயோ வழியை மீண்டும் அடைக்கக்கூடும்.

நஷ்டம் எங்கே நேர்ந்தது

உழவுத் தொழில் ஒரேயடியாய்த் தடைசெய்யப்படவில்லை. மார்ச்சு 27-ஆம் தேதியே மத்திய அரசு வயல் வேலை, விளைபொருள் கொள்முதல், விதை உரக் கடைகள், அறுவடை இயந்திரப் போக்குவரத்து ஆகியவற்றிற்கு விலக்களித்தது. எனினும் உத்தரவு வந்த அளவில் லாரி ஓடிவிடவில்லை. வண்டியோட்டியும் சுமையாளும் வியாபாரியும் அஞ்சி வீட்டிலிருந்தனர். தேநீர்க் கடை, உணவு விடுதி, கலியாண மண்டபம், கோயில் ஆகியவை மூடப்பட்டதால் கொள்வோரில் பெரும்பகுதியினர் மறைந்தனர். மல்லிகை செடியிலேயே மலர்ந்து வாடிற்று. கோடைக்கென்று பயிரிட்ட தர்ப்பூசணி கொடியிலேயே கிடந்து வெம்பிற்று. வாழைத்தார் மரத்திலேயே பழுத்தது.

பின்னர் மே மாதம் 5-ஆம் தேதி, தொழிலாளரிடையே நோய் பரவியமையால் சென்னைக் கோயம்பேட்டு அங்காடி மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரத்திற்குத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை ஏற்படுத்தப்பட்டது; கோயம்பேட்டில் காய்கறி அங்காடி செப்டம்பர் மாத இறுதியில்தான் மீண்டும் திறக்கப்பெற்றது. ஒரே அங்காடியை நம்பிப் பயிரிட்ட ஜில்லாக்கள் பலவும் அதனால் ஒருசேரத் தவித்தன.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நஷ்டமடைந்தவர் யாவரும் குறைவாய் விளைத்தவரல்லர். அவருள் மிக நன்றாய் விளைத்தவரும் இருந்தனர். ஒரே வியாபாரி, ஒரே அங்காடி, ஒரே பயிர் என்று ஒற்றை வழியில் நின்றவர்க்கே இழப்பு மிகுந்தது. ஆதலின் மீட்சியையும் முதன்மையாய் அவ்வழியைப் பலவாக்குவதில்தான் தேட வேண்டும். அது தனியொருவனால் ஆகாது. ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம்.

எவை தாங்கின

முதலாவது, பால். தேநீர்க் கடைகள் மூடப்பட்டதும் தனியாய்ப் பால் வாங்குவோர் பலர் கொள்முதலைக் குறைத்தனர். கூட்டுறவுப் பால் சங்கங்களோ உறுப்பினரின் பாலைத் தொடர்ந்து ஏற்றன. விற்று மிகுந்ததைத் தூளாகவும் வெண்ணெயாகவும் மாற்ற அவற்றிற்கு வசதியிருந்தது. வாரந்தோறும் கைக்கு வந்த பால் பணமே பல குடும்பங்களுக்கு அரிசி தவிர்ந்த மற்றச் செலவுகளைத் தாங்கிற்று.

இரண்டாவது, உழவர் சந்தை. 1999-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதன்முதல் தொடங்கப்பட்ட இவ்வேற்பாடு, விளைப்பவனையும் உண்பவனையும் நேரே சேர்ப்பது. ஊரடங்கின்போது நெருக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டுச் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் திறந்த மைதானங்களுக்கும் மாற்றப்பட்டன. தெருத் தெருவாய் வண்டியில் காய்கறி விற்பனையும் நடந்தது. ஏற்கெனவே அடையாள அட்டை பெற்றுப் பழகியிருந்த குடியானவர்க்கு இவ்வழி உடனே பயன்பட்டது. புதிதாய் நுழைய முயன்றவர் அனுமதிச் சீட்டுக்கே நாட்களைக் கழித்தனர்.

மூன்றாவது, குழுக்கள். 2017-18-ஆம் வருஷம் முதல் நம் மாகாணத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களும், அத்தகைய ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவிற்கும் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. ஏட்டளவில் நில்லாது உண்மையாய் இயங்கிய குழுவுக்குச் சொந்த உழுவை இருந்தது. ஒரே சீட்டில் ஒரு வண்டிச் சரக்கை அனுப்ப இயன்றது.

அண்டை மாகாணமாகிய கேரளத்திலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். 1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பின் அயற்கூட்டங்கள் ஊர்தோறும் முன்னமே இருந்தமையால், ஊரடங்கு பிறந்த சில நாட்களுக்குள் பஞ்சாயத்துக்கள் சமுதாயச் சமையற்கூடங்களைத் திறக்க முடிந்தது. தரிசு நிலங்களைச் சாகுபடிக்குக் கொணரச் சுபிக்ஷ கேரளம் என்னும் திட்டமும் அவ்வருஷமே தொடங்கப்பட்டது. ஆபத்துக் காலத்தில் சங்கம் அமைப்பது கடினம். முன்னமே அமைந்த சங்கமே ஆபத்தில் கைகொடுக்கும்.

உள்ளூர் விற்பனையின் எல்லை

உள்ளூரிலேயே விற்றுவிட்டால் கவலையில்லை என்று சிலர் கருதுவர். இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 400 வீடுகளும் 1,600 ஜனங்களும் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தக்காளி என்றால் ஊருக்கு நாளொன்றுக்கு 80 கிலோ போதும். ஓர் ஏக்கரில் 60 நாட்கள் வரை பறித்து 10 டன் மகசூல் காண்பதாய் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 165 கிலோ கிடைக்கும். அதாவது அரை ஏக்கர் தக்காளியே ஊர் முழுமைக்கும் போதும். அவ்வூரில் 20 ஏக்கர் தக்காளி ஒரே காலத்தில் காய்த்தால், அதனை உண்ண அதுபோன்ற 40 கிராமங்கள் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, ஒரு பிர்க்காவிலுள்ள ஊர்கள் தங்களுக்குள் பேசிப் பயிர்களைப் பகிர்ந்துகொள்வதும், ஒரே ஊரில் நடவை இரண்டு வார இடைவெளியில் முன்பின்னாய் அமைப்பதும் சிலாக்கியம். மற்றொன்று, உள்ளூர் விற்பனை அவசரத்துக்கு ஓர் ஊன்றுகோலேயன்றி முழு ஆதாரமன்று. உழவர் சந்தை, அருகிலுள்ள சிறு பட்டணங்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், தொலைவிலுள்ள பெரிய அங்காடி ஆகிய நான்கிலும் ஒவ்வொரு குழுவுக்கும் பழக்கம் இருத்தல் வேண்டும். சாதாரண காலத்தில் சரக்கில் நாலில் ஒரு பங்கையேனும் வழக்கமல்லாத வழியில் அனுப்பிப் பழகுவது, விலையில் சிறிது குறைந்தாலும், வீண் செலவாகாது.

கூலியாட்களைத் தாங்குதல்

சென்னை, திருப்பூர் முதலிய இடங்களில் வேலையிழந்தோர் பலர் ஊர் திரும்பினர். அவருள் கோயம்பேட்டிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் ஜில்லாக்களுக்குத் திரும்பிய சுமையாட்கள் நோயுடன் வந்தனர் என்ற அச்சம் பெரிதாயிற்று. அவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தனித்து வைத்துப் பரிசோதித்து உணவளித்தது தக்க ஏற்பாடே. ஆனால் தனித்து வைப்பது வேறு. ஒதுக்கி வைப்பது வேறு. நோய் நீங்கிய பின்னரும் ஒருவனை வேலைக்கு அழையாமலும் கிணற்றடியில் நெருங்கவிடாமலும் நடத்திய ஊர், அறுவடைக் காலத்தில் அவன் வரவில்லையென்று குறை கூற இடமில்லை.

அவ்வருஷம் ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்க்கு 1,000 ரூபாயும் விலையின்றி அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் மாகாண அரசால் வழங்கப்பட்டன. மத்திய அரசும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாய் அளித்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நம் மாகாணத்து நாட்கூலி 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாய் உயர்த்தப்பட்டது. இவ்வுதவிகளால் பசி தணிந்தது; ஆயினும் மருந்துக்கும் துணிக்கும் வட்டிக்கும் ரொக்கம் போதவில்லை.

இவ்விடத்தில் நிலச்சொந்தக்காரர் ஓர் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். உழைப்பவன் ஊரை விட்டுப் பெயர்ந்தால் அடுத்த நடவுக்கு ஆளில்லை. ஆகவே வேலையில்லாக் காலத்தில் வரப்பு வெட்டுதல், வாய்க்கால் தூர்வாருதல், எருக்குழி நிரப்புதல் போன்ற பணிகளைத் தேடிக் கொடுப்பது தருமம் மட்டுமன்று. சாகுபடிச் செலவில் ஒரு பகுதியுமாகும். முன்பணம் கொடுத்தால் கணக்கெழுதிக் கையொப்பம் பெற்று, வழக்கமான கூலியிலேயே சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ள வேண்டும். முன்பணத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பதும், வேறிடம் போகவொட்டாமல் தடுப்பதும் 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்கு விரோதம்.

கடனும் அடுத்த பட்டமும்

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு முடிய ஆறு மாதத் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. தவணைதான் நின்றதேயன்றி வட்டி நிற்கவில்லை என்பதைப் பலர் பின்னரே அறிந்தனர். 2021 பிப்ரவரியில் நம் மாகாண அரசு 16.43 லட்சம் குடியானவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. இதன் அனுகூலம் கூட்டுறவுச் சங்கப் பேரேட்டில் பெயருள்ளவருக்கே கிடைத்தது. தனியாரிடம் நகையும் பத்திரமும் வைத்துக் கடன் வாங்கியவர்க்கும், தம் பெயரில் சீட்டில்லாத குத்தகைக்காரர் பலருக்கும் யாதொரு பயனுமில்லை. தள்ளுபடியை எதிர்பார்த்துக் கடன் வாங்குவது தகாது. ஆயினும் கணக்கில் இல்லாதவனை எந்த நிவாரணமும் தேடி வராது. குத்தகையை எழுத்தில் பதிந்து கொடுப்பதனால் நிலச்சொந்தக்காரர்க்கு வரும் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேட்டூர் அணை அவ்வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, எட்டு வருஷங்களுக்குப் பின் உரிய நாளில் திறக்கப்பட்டது. தண்ணீர் வந்தது, விதையும் ஆளும் ஆயத்தமாயிருந்த ஊர்களே அதனை முழுவதும் பயன்படுத்திக்கொண்டன. இத்தகைய சமயத்தில் சமுதாய நாற்றங்கால் மிக்க அனுகூலமானது. நீர் வசதியுள்ள ஒருவர் நிலத்தில் பலருக்கும் பாய் நாற்றங்கால் விட்டால் காவலும் நீரும் மிச்சமாகும். இயந்திர நடவுக்கும் ஏற்கும். திருந்திய நெல் சாகுபடி முறையில் ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதுமாதலால் விதைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அம்முறை பெரிதும் உதவும்.

வைத்திருந்து விற்றல்

உடனே விற்றாக வேண்டிய கட்டாயமே விலையைக் குலைக்கிறது. நெல்லை 14 சதவிகித ஈரத்துக்கு உலர்த்திச் சேமித்தால் சில மாதங்கள் காத்திருக்கலாம். சின்ன வெங்காயத்தைத் தாளோடு நிழலில் உலர்த்திக் காற்றோடும் பட்டறையில் வைக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் சரக்கை ஈடுவைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். தக்காளி, பூ, கீரை போன்றவற்றை வைத்திருக்க இயலாது. ஆகையால் நிலம் முழுவதையும் இத்தகைய பயிருக்கே விடாமல், ஒரு பகுதியிலேனும் பயறோ தானியமோ சாகுபடி செய்வது விவேகம்.

கிராம அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் செய்யத்தக்கவை

1. ஊரில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கர், எந்த வாரம் அறுவடை என்பதைப் பட்டத்துக்கொருமுறை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவைத்தல்.

2. வண்டியோட்டிகள், அறுவடை இயந்திரக்காரர், விதை உரக் கடைக்காரர், பால் சங்கச் செயலாளர் ஆகியோரின் விலாசமும் டெலிபோன் எண்ணும் அடங்கிய ஒரு பதிவேடு வைத்தல்.

3. பயிர் அடங்கலில் உண்மையாய்ச் சாகுபடி செய்பவர் பெயரைத் தவறாது பதிதல்.

4. ஆதரவற்ற முதியோர், கைம்பெண்கள், வெளியூரிலிருந்து திரும்பியோர் ஆகிய குடும்பங்களை முன்னமே அறிந்து வைத்து, ஆபத்து நேர்ந்த முதல் வாரத்திலேயே தானியம் சேரும்படி ஏற்பாடு செய்தல்.

5. ஊர்ப் பொதுவில் விதை நெல்லும் வைக்கோலும் ஓரளவு இருப்பு வைத்து, வருஷந்தோறும் புதுப்பித்தல். தீவனமின்றிக் கறவை மாட்டை அரை விலைக்கு விற்ற குடும்பம் மீண்டும் ஒரு மாடு வாங்க வெகுகாலம் செல்லும்.

6. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சமையற்கூடம், காய்கறி தரம்பிரித்தல், வற்றல் போடுதல் ஆகிய வேலைகளில் இப்பொழுதே பழக்குதல்.

இவற்றில் பெரும்பணம் வேண்டுவது ஒன்றுமில்லை. வேண்டுவது ஒற்றுமையும் ஒழுங்கான கணக்கும்தான். மே முதல் தேதியிலோ அக்டோபர் 2-ஆம் தேதியிலோ கூடும் கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, முதல் இரண்டு ஏற்பாடுகளையேனும் அந்த வருஷமே தொடங்குமாறு குடியானவர்களையும் அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.