ஒரு செயற்கைக்கோள் போதாதா?

அன்புள்ள வாசகருக்கு,

இவ்வளவு துல்லியமான செயற்கைக்கோள்கள் வந்த பிறகும், கடலில் படகைத் தேட எதற்கு நாலைந்து கருவிகளின் படங்களைக் கலக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வட கொரியக் கடலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2017இல் ஐ.நா. விதித்த தடைகளின்படி அங்கே வெளிநாட்டார் மீன்பிடிக்கக் கூடாது. ஆனால் அந்த ஆண்டு மட்டும் சீனாவிலிருந்து வந்த 900க்கும் மேற்பட்ட படகுகள் அங்கே மீன்பிடித்ததாக, 2020 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கணவாய்தான் குறி. இருப்பிடத்தை வானலையில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியைப் பெரும்பாலான படகுகள் இயக்கவேயில்லை.

அப்படி மறைந்த படகைத் தேட முதலில் ரேடார் இருக்கிறது. அதற்கு மேகமும் இருட்டும் பொருட்டல்ல. இரும்புப் படகு பளிச்சென்று தெரியும், மரப்படகு பல நேரம் நழுவிவிடும். அது யாருடைய படகு, அங்கே என்ன செய்கிறது என்பதையும் ரேடார் சொல்லாது. கணவாயை ஈர்க்க எரிக்கும் விளக்குகளை இரவில் பார்க்கும் உணரி பிடித்துவிடும். விளக்கில்லாமல் இழுவலை போடுகிறவர் அதில் சிக்கமாட்டார். அவரைப் பிடிக்கப் பகல் நேர ஒளிப்படம் வேண்டும். நம் கடற்கரையில் இரட்டைமடி என்பார்களே, இரண்டு படகுகள் பக்கம் பக்கமாகப் போய் ஒரே வலையை இழுப்பது, அந்த ஜோடியை அடையாளம் காண ஆய்வாளர்கள் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தனிப்படகைவிட ஜோடியைக் கண்டுபிடிப்பது நம்பகமானது, அலையோ மேகத்துண்டோ அப்படி இணைந்து நிற்பது அரிது.

என்னைக் கேட்டால், படத்தின் கூர்மையைப் பற்றி நாம் அளவுக்கு மீறிப் பேசுகிறோம். உண்மையான தலைவலி நேரம்தான். இரவுணரி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் கடக்கும், ரேடார் வேறொரு வேளையில் வரும். 10 நாட் வேகத்தில் போகும் படகு ஒரு மணி நேரத்தில் 18 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, ஓடும் படகு ரேடார் படத்தில் தன் நீர்த்தடத்தைவிட்டு விலகித் தெரியும். விலகலை அளந்தால் வேகமே கிடைக்கும் என்பது வேறு விஷயம். இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான், ரேடாரில் புள்ளி இருந்தும் ஏ.ஐ.எஸ்.ஸில் பெயர் இல்லையே என்ற கேள்விக்குப் பொருள் உண்டாகிறது. கருவிகள் ஒத்துப்போகும் இடத்தைவிட முரண்படும் இடத்தில்தான் துப்பு கிடைக்கிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஆர்வமிருந்தால் உங்கள் ஊர்க் கடலை எடுத்துப் பாருங்கள். தேதியோடு, படம் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்